குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது, இனி என்ன? நாய், பூனை வளர்ப்போருக்கு முதல் வருட மருத்துவ வழிகாட்டி

நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ புதிதாக வாங்கியவர்கள் முதல் மாதத்தில் படும் பாடு எனக்கு நன்றாகத் தெரியும். எந்த ஊசி எப்போது, யாரிடம் போவது, எவ்வளவு ஆகும், கையில் என்ன சீட்டு இருக்க வேண்டும் என்று ஒரே இடத்தில் யாரும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்வார், குட்டியை விற்றவர் வேறொன்று சொல்வார், மருந்துக் கடைக்காரர் மூன்றாவதாக ஒன்றை எடுத்து நீட்டுவார். எங்கள் வீட்டில் இப்போது ஒரு நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் சென்னைவாசி என்பதால் அலுவலகங்களும் செலவும் இந்த ஊர்க் கணக்கில் இருக்கும். மருத்துவம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

1. வாங்கும் இடத்திலேயே கேட்டு வாங்க வேண்டியவை

எட்டு வாரம் ஆகாத நாய்க்குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. ஆனாலும் முப்பது நாள் குட்டிகளைக் கூடையில் வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். "சின்னதா இருக்கும்போதே எடுத்தா நல்லாப் பழகும்" என்பார்கள். நம்பாதீர்கள். தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும் எட்டு வாரம் இருந்த குட்டிதான் உடம்பிலும் குணத்திலும் தேறி வரும். முடிந்தால் தாய் நாயை நேரில் பாருங்கள்.

பிறந்த தேதி, கொடுத்த பூச்சி மருந்தின் பெயரும் தேதியும், போட்ட ஊசியின் விவரம் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தொகுதி எண், தேதி, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். எங்களுக்குக் குட்டியை விற்றவர் கொடுத்த புத்தகத்தில் பேனாவால் எழுதிய தேதிகள் மட்டுமே இருந்தன. அதைப் பார்த்த டாக்டர், ஊசியே போடாத குட்டி என்று கணக்கு வைத்து முதலிலிருந்து தொடங்கினார். அதுதான் சரியான முறை.

வெள்ளை ராஜபாளையம் வாங்குவதாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. குட்டி உங்களைப் பார்க்காத நேரத்தில் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். மற்ற குட்டிகள் இல்லாமல் தனியாக வைத்துச் சோதித்தால்தான் தெரியும்.

2. முதல் மூன்று நாளுக்குள் டாக்டரிடம் ஒரு முறை

நோய் எதுவும் இல்லாவிட்டாலும் போங்கள். எடை, காய்ச்சல், இதயத் துடிப்பு, காது, பல், தொப்புள் எல்லாம் பார்ப்பார்கள். அன்று காலை போன மலத்தில் கொஞ்சம் எடுத்து, சுத்தமான சிறு டப்பாவில் கொண்டுபோனால் புழு முட்டை இருக்கிறதா என்று பரிசோதித்துவிடலாம். பழைய சீட்டுகளையும், இப்போது என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்ற விவரத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு போகவே போகாதீர்கள். காத்திருக்கும் இடத்தில் ஒரு நாய் குரைத்தால் போதும், பூனை உங்களைப் பிறாண்டிவிட்டுத் தெருவில் பாய்ந்துவிடும். மேல்பக்கம் திறக்கும் கூடையாக வாங்குங்கள்.

டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது பி.வி.எஸ்சி. பட்டமும் கால்நடை மருத்துவ கவுன்சில் பதிவும் இருக்கிறதா என்று பாருங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் ஊசி போடும் உதவியாளர்கள் டாக்டர்கள் இல்லை. அப்புறம், அந்த கிளினிக் இரவில் இருக்குமா, ஞாயிற்றுக்கிழமை உண்டா, ரத்தப் பரிசோதனை அங்கேயே செய்வார்களா என்று முதல் நாளே கேளுங்கள். இரவில் இல்லை என்றால் எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டு அந்த எண்ணையும் போனில் சேமித்து வையுங்கள். நள்ளிரவில் இதைத் தேடுவது பெரும் வேதனை.

சென்னையில் பெரிய அரசு வசதி என்றால் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைதான். 1903இல் தொடங்கிய கல்லூரி அது. எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை சிகிச்சை என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு, செலவும் தனியாரைவிட மிகக் குறைவு. ஆனால் கூட்டம் அதிகம். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள், அரை நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் இதே போல மருத்துவமனைகள் இருக்கின்றன.

3. குடற்புழு மருந்து

பெரும்பாலான குட்டிகள் தாயிடமிருந்தே புழுவை வாங்கிக்கொண்டுதான் வருகின்றன. நாய்க்குட்டிக்கு இரண்டு வார வயதில் தொடங்கி எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. பூனைக்குட்டிக்கு மூன்றாவது வாரத்தில் தொடங்கலாம்.

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, வயதைப் பொறுத்தது இல்லை. சமையலறைத் தராசில் குட்டியை வைத்து எடை பார்த்துவிட்டு டாக்டரைக் கேளுங்கள். "அரை மாத்திரை போடுங்க" என்று எடை கேட்காமல் சொல்பவரிடம் வாங்காதீர்கள். ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. அது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி வழியாக வருவதால் தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்ப வந்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். நாயின் உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும் மனிதர்களையும் தாக்கும்.

4. தடுப்பூசி

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். குட்டிகள் சாவது பெரும்பாலும் இங்கே நடக்கும் கோளாறால்தான்.

நாய்க்குட்டிக்குக் கூட்டுத் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கும். பார்வோ (குட்டிகளைக் கொல்லும் ரத்த வயிற்றுப்போக்கு நோய்), டிஸ்டெம்பர் (நுரையீரலையும் நரம்பையும் தாக்கும் கிருமி நோய்), கல்லீரல் அழற்சி, பாரா இன்ஃபுளுயன்சா (சளி, இருமல் நோய்), எலிக் காய்ச்சல் ஆகியவற்றுக்குச் சேர்த்துப் போடுவது அது. கிளினிக்கில் "செவன் இன் ஒன்", "நைன் இன் ஒன்" என்பார்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பப் போட வேண்டும்.

ஏன் இத்தனை முறை? தாய்ப்பாலில் வந்த நோய் எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் செயல்படவிடாது. அந்தச் சக்தி ஒரு குட்டிக்கு எட்டு வாரத்தில் தீரும், இன்னொன்றுக்குப் பதினான்கு வாரம் ஆகும். எப்போது தீரும் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் விட்டு விட்டுப் போடுகிறார்கள், கடைசி ஊசி பதினாறு வாரத்தில் அல்லது அதற்குப் பிறகு விழ வேண்டும் என்கிறார்கள். "ரெண்டு ஊசி போட்டாச்சு, போதும்" என்று பத்தாவது வாரத்தில் நிறுத்திய வீடுகளில்தான் பார்வோ வந்து நிற்கிறது.

ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசி பன்னிரண்டு வாரம் முடிந்த பிறகு. நம் ஊரில் ரேபிஸ் பரவல் இருப்பதால் மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொன்று போடச் சொல்வார்கள், போட்டுவிடுங்கள். பிறகு ஆண்டுக்கொரு முறை. கூட்டுத் தடுப்பூசியும் ஓராண்டு முடிவில் ஒரு முறை உண்டு. அதன்பின் பார்வோ, டிஸ்டெம்பர் பாதுகாப்பு மூன்று ஆண்டு வரை நிற்கும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட கருத்து. ஆனால் எலிக் காய்ச்சலுக்கான பாதுகாப்பு அவ்வளவு நாள் நிற்காது, ஆண்டுதோறும் போட வேண்டும். எலி மூத்திரம் கலந்த மழைநீரில் நடக்கும் நாய்க்கு வரும் நோய் அது, மனிதர்களுக்கும் தொற்றும். ஐப்பசி மழைக்கு முன்பே தேதியைப் பார்த்து வையுங்கள்.

பூனைக்குட்டிக்கு எட்டு, பன்னிரண்டு, பதினாறு வாரங்களில் முக்கூட்டு ஊசி. பன்லூக்கோபீனியா என்ற கொடிய வயிற்றுப்போக்கு நோயையும் இரண்டு சளி நோய்களையும் அது தடுக்கும். ரேபிஸ் பூனைக்கும் கட்டாயம். "வீட்டை விட்டு வெளியே போகாத பூனைதானே" என்று விடாதீர்கள். பன்லூக்கோபீனியா கிருமி உங்கள் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும்.

கவனிக்க வேண்டிய சிக்கல்கள் சில:

மருந்துக் கடையில் குப்பி வாங்கி வந்து வீட்டில் போட்டுக்கொள்வது முதல் சிக்கல். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே இருக்க வேண்டும். மின்சாரம் போன கடையில், வெயிலில் வந்த பையில் அது வீணாகியிருக்கலாம், பார்த்தால் தெரியாது. டாக்டர் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து உங்கள் முன்னால் கலந்து போடட்டும்.

ஊசி போட்ட உடனே கிளம்புவது அடுத்தது. அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். முகம் வீங்குவது, தொடர் வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே சிகிச்சை வேண்டும். அன்று முழுக்கச் சோர்வாகவோ லேசான காய்ச்சலோடோ இருந்தால் பயப்பட வேண்டாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ ஏற்கெனவே இருக்கும் குட்டிக்கு ஊசியைத் தள்ளிப் போடுவார்கள். மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரம் ஆகும்வரை குட்டியைத் தெருவிலும் பூங்காவிலும் இறக்கிவிட வேண்டாம். பார்வோ கிருமி மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்காக அறையிலேயே பூட்டியும் வைக்காதீர்கள், பயந்த நாயாக வளரும். தோளில் தூக்கிக்கொண்டு வண்டிச் சத்தம், குடை, பள்ளிப் பிள்ளைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள்.

செலவு: தனியார் கிளினிக்கில் ஆலோசனைக் கட்டணம் சுமார் 300 முதல் 700 ரூபாய், கூட்டுத் தடுப்பூசி ஒன்றுக்குச் சுமார் 600 முதல் 1200, ரேபிஸ் சுமார் 200 முதல் 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். பகுதிக்கும் மருந்து நிறுவனத்துக்கும் ஏற்ப மாறும். பார்வோ வந்து நான்கைந்து நாள் ட்ரிப்ஸ் ஏற்றினால் பத்தாயிரத்தை எளிதாகத் தாண்டும், குட்டி பிழைக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

5. உண்ணி

நம் தட்பவெப்பத்தில் உண்ணிக்கு ஓய்வுக் காலமே இல்லை. அது ரத்தம் குடிப்பதோடு எர்லிகியா, பபீசியா என்ற இரண்டு நோய்களைப் பரப்பும். விட்டு விட்டுக் காய்ச்சல், சாப்பிடாமை, ஈறு வெளுத்தல், மூக்கில் ரத்தம், காப்பி நிறத்தில் சிறுநீர் ஆகியவை அறிகுறிகள். அன்றே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் கேளுங்கள். எர்லிகியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை பொதுவாக 28 நாள். நான்காம் நாளே நாய் துள்ளிக் குதிக்கும், அதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். முழுக்கக் கொடுத்து முடியுங்கள்.

தடுப்புக்கு மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கொடுக்கும் மென்று தின்னும் மாத்திரைகள் உண்டு. கழுத்தில் விடும் சொட்டு மருந்தும் உண்டு. நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மாத்திரைக்கு முன் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். நாயின் மேல் பார்ப்பது கொஞ்சம்தான். மீதி உண்ணிகள் சுவர் விரிசலிலும் கூண்டின் மூலையிலும் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். படுக்கையைச் சுடுநீரில் துவையுங்கள், விரிசல்களைப் பூசுங்கள். உண்ணியைப் பிடுங்கும்போது இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, விரலால் நசுக்குவது இரண்டும் வேண்டாம்.

நாய்க்கான சொட்டு மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்தது பூனையைக் கொன்றுவிடும். அட்டையில் பூனைப் படமும் எடை அளவும் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

6. வீட்டு அலமாரியில் இருக்கும் விஷங்கள்

காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு ஐபுப்ரோஃபென் கொடுத்தால் குடலும் சிறுநீரகமும் போய்விடும். மனிதர் மருந்து எதையும் டாக்டர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு இரண்டும் ரத்த அணுக்களை அழிப்பவை. சாம்பார் சாதம், குழம்பு ஊற்றிய சாதம் எல்லாம் இதில் அடக்கம். சோறும் வேகவைத்த எலும்பில்லாத கோழியும் முட்டையும் என்றால் தனியாக எடுத்து வையுங்கள். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாயசம் வைக்கும் நாளில் பாத்திரத்தை உயரத்தில் வையுங்கள். சாக்லேட், சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லா மிட்டாய், பீரோவில் போடும் பாச்சை உருண்டை, எலி மருந்து எல்லாம் ஆபத்து. வெந்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் கிழிக்கும். பூந்தொட்டியில் லில்லி இருந்தால் பூனை உள்ள வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், மகரந்தமே போதும்.

ஏதாவது தின்றுவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். தின்றதன் அட்டையை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போங்கள்.

7. கருத்தடை

பூனைக்கு ஐந்தாறு மாதத்துக்குள் முடித்துவிடலாம். சிறிய, நடுத்தர நாய்களுக்கு ஆறு மாதத்தையொட்டி. பெரிய இனங்களுக்கு எலும்பு வளர்ச்சி முடியட்டும் என்று ஓராண்டுக்கு மேல் காத்திருக்கச் சொல்வார்கள். பெண் நாய்க்கு முதல் பருவத்துக்கு முன் செய்தால் பிற்காலத்தில் பால்மடிக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் இல்லாமல் போகும். "ஒரு தடவை குட்டி போடட்டும்" என்ற பேச்சுக்கு மருத்துவத்தில் அடிப்படை இல்லை.

முன்கூட்டி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் பட்டினி என்று எழுதி வாங்குங்கள், சின்னக் குட்டிக்கு நீண்ட பட்டினி கூடாது. முடிந்ததும் கழுத்துக் கூம்பு கட்டாயம். பாவமாக இருக்கிறது என்று ஒரு இரவு கழற்றினால் தையலை நக்கியே பிரித்துவிடும். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். தனியாரில் ஐயாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை ஆகலாம். அறைக் கட்டணம், மயக்க மருந்து, கூம்பு எல்லாம் சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள்.

8. மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும்

சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சி உரிமம் வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஆண்டுக் கட்டணம் 50 ரூபாய். 2025 இறுதியில் மைக்ரோசிப்பும் உரிமமும் கட்டாயம் என்று அறிவித்து, உரிமம் இல்லாதவர்களுக்கு 5000 ரூபாய் அபராதமும் வைத்தார்கள். உங்கள் புகைப்படம், நாயின் புகைப்படம், முகவரிச் சான்று, காலாவதியாகாத ரேபிஸ் தடுப்பூசிச் சான்று ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். விண்ணப்பம் தேங்கி நிற்பதற்குப் பெரும்பாலும் ஊசிச் சான்றுதான் காரணம். தேதியும் டாக்டரின் முத்திரையும் தெளிவாகத் தெரியும்படி படமெடுங்கள்.

மைக்ரோசிப் என்பது தோலுக்கடியில் வைக்கும் சிறிய துண்டு. கருவியால் படித்தால் 15 இலக்க எண் வரும். நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது, யாருடையது என்று மட்டும் காட்டும். அதனால் கழுத்துப் பட்டையில் போன் எண்ணும் வேண்டும். தீபாவளிக்கு வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய்கள் அந்த எண்ணால்தான் வீடு திரும்புகின்றன.

9. காத்திருக்காமல் ஓட வேண்டிய நேரங்கள்

நலமாக இருக்கும்போதே ஈறைத் தூக்கிப் பார்த்துப் பழகுங்கள். இளஞ்சிவப்பாக இருக்கும், விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பும். உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு, நம்மைவிடக் கூடுதல்தான். மூக்கு காய்ந்திருப்பதை வைத்துக் காய்ச்சலை முடிவு செய்யாதீர்கள்.

ஆண் பூனை மண்தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து சிறுநீர் வராமல் கத்தினால் அது மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடாதீர்கள். சிறுநீர்க்குழாய் அடைப்பு, ஓரிரு நாளில் உயிர் போகும். பூனை இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரல் கெடத் தொடங்கும். ஊசி முடியாத நாய்க்குட்டிக்கு வாந்தியும் நாற்றமடிக்கும் ரத்த வயிற்றுப்போக்கும் வந்தால் மோர் சாதம் கொடுத்துப் பார்ப்போம் என்று ஒரு நாளை இழக்க வேண்டாம். பெரிய நாய்க்கு வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் ஒரு மணி நேரம்கூட அதிகம்.

வெயில் காலத்தில் பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்கள் மூச்சிரைத்துத் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைத்து, மின்விசிறியின் கீழ் சற்று வைத்துவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் கிளம்புங்கள். காற்று படும்போதுதான் சூடு இறங்கும், ஈரத் துண்டால் போர்த்தி மூடாதீர்கள்.

10. உங்களைக் கடித்தால் அல்லது பிறாண்டினால்

வீட்டுக் குட்டிதான் என்றாலும், விளையாட்டுக்குத்தான் என்றாலும், தோல் கிழிந்திருந்தால் முதல் வேலை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள், கட்டும் போடாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், ரேபிஸ் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள் (0 என்பது முதல் ஊசி போடும் நாள்). தனியாரில் தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தைக் காயத்தைச் சுற்றியே போட வேண்டும், வாய்விட்டுக் கேளுங்கள். "பத்து நாள் நாயைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைக் கவனிக்கலாம். ஊசிச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முழுவதும் போட்டுக்கொண்டவருக்கு மீண்டும் கடி பட்டால் 0, 3 என்று இரண்டு ஊசியே போதும், அந்தச் சீட்டைக் காட்டினால்தான் அதை டாக்டர் முடிவு செய்ய முடியும்.